முதலில் சொன்னவள்

குலோத்துங்கன் சார் வந்து சேருவதற்குள் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ரெஜினா அந்த மாடி அறைக்குள் நுழைந்தாள். பையை மேசைமேல் வைத்தாள், லேப்டாப்பை எடுத்தாள், வயரைச் சொருகினாள், முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள், முடிவு மட்டும் வரவில்லை. கைகாட்டியதும் வந்து நிற்க அதென்ன ஷேர் ஆட்டோவா? நிறைகுடம் சூப்பர் மார்க்கெட்டின் தஞ்சாவூர்க் கிளையில் இந்த அறைக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உட்கார்ந்த இடத்திலிருந்தே கீழே கடை மொத்தமும் தெரியும், கீழே இருப்பவர்களுக்கு இங்கே இருப்பவர் தெரியாது. வாசல், பில் போடும் இடம், அரிசி மூட்டைகள், சோப்பு வரிசை, அதற்கு அடுத்தாற்போல் குழந்தைகளின் பால் பவுடர் டப்பாக்கள் அடுக்கிய ரேக். அந்த ரேக்கைப் பார்க்கக் கூடாது என்று பார்வையை வாசலுக்குத் திருப்பினாள். அது கொஞ்ச நேரம் வாசலில் இருந்துவிட்டுத் தானாகவே டப்பாக்களுக்குத் திரும்பியது. அந்த ரேக்குக்குப் பொறுப்பு தவமணி. மாதக்கணக்காக அங்கிருந்து டப்பாக்கள் காணாமல் போகின்றன. டெல்டா கிளைகளையெல்லாம் பார்த்துக்கொள்ளும் குலோத்துங்கன் சார் மதியத்துக்குள் வந்து அவளை விசாரிப்பார். ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வேலை போகும், போலீஸும் வரும். அதற்கு ஆதாரம் ரெஜினாவின் ரிப்போர்ட். எல்லாக் கிளைகளிலும் அலசியாயிற்று, இந்த ஒரு கிளையில்தான், இந்த ஒரு ரேக்கில்தான் பால் பவுடர் இப்படிப் போகிறது, அதனால் உள்ளே இருக்கும் ஆள் வேலைதான் என்று அவள்தான் எழுதிக் கொடுத்தாள். அதை எல்லார் முன்னாலும் சொல்லத்தான் திருச்சித் தலைமை அலுவலகத்திலிருந்து காலையில் பஸ் ஏறினாள். ஏறும்போது அது உண்மையாகத்தான் இருந்தது. செங்கிப்பட்டி தாண்டுவதற்குள் பொய்யாகிவிட்டது.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்ததற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது கரூர்க் கிளையிலிருந்து நதியா கூப்பிட்டாள், லீவு சம்பந்தமாக ஏதோ கேட்க. கலகலவென்று பேசுகிற பெண். கேட்டு முடித்தவள் போனை வைக்கிற வாக்கில் சொன்னாள். "மேடம், ஒண்ணு சொன்னா சிரிப்பீங்க. எங்க கடையிலயும்தான் பால் டப்பா மாசா மாசம் காணாமப் போவுது. நாங்களும் தவறாம சிஸ்டத்துல ஏத்தித்தான் விடுறோம். மாசக் கடைசியில ஹெட் ஆபீஸ்லேருந்து பாத்தா நஷ்டம் ஜீரோன்னு வருது. மேனேஜருக்கு போன மாசம் இன்சென்டிவ் வேற. எப்படி மேடம் அது? மாயமா?" ரெஜினா சிரித்தாள். சிரித்துக்கொண்டே "நெட் பிரச்சினையா இருக்கும்மா" என்றாள். சொன்ன வாய் மூடுவதற்கு முன்னாலேயே அது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நெட் பிரச்சினை இல்லை. மாயமும் இல்லை. அது அவளுடைய விதி. அவள் எழுதியது. அவள் உத்தியோகமே அதுதானே. கழுத்தில் தொங்கும் அட்டையில் டேட்டா குவாலிட்டி மேலாளர் என்று போட்டிருக்கும், கிளைப் பெண்கள் சுருக்கமாகச் 'சுத்தம் மேடம்' என்பார்கள். கிளைகளிலிருந்து தினம் வரும் பதிவுகளில் குப்பை கூளத்தைக் கூட்டி எறிந்து சுத்தமாக முதலாளிக்குக் கொடுக்க வேண்டும். அவள் வேலைக்கு வந்த புதிதில் அது சாக்கடையாகத்தான் இருந்தது. நெட் இழுக்காத கிளைகளில் ஒரு தடவை அமுக்க வேண்டிய பொத்தானை நாலு தடவை அமுக்குவார்கள். பழைய சாஃப்ட்வேர் குழம்பிப்போய் ஒரு கிளையின் பதிவை இன்னொரு கிளையின் பெயரிலும் போட்டுத் தொலைக்கும். இல்லாத நஷ்டம் மலைபோல் தெரியும். அதற்குத்தான் அவள் ஒரு விதி எழுதினாள். ஒரே நாளில், ஒரே சரக்கு, ஒரே எண்ணிக்கையில், வெவ்வேறு கிளைகளிலிருந்து காணோம் என்று வந்தால் அது எதிரொலி. முதலில் வந்ததை வைத்துக்கொள், மற்றதை அழி. அவ்வளவுதான், ஒரு வரி. ஒரே ராத்திரியில் மலை கரைந்தது. பொங்கல் விழாவில் முதலாளி மேடைக்குக் கூப்பிட்டு, "நம்ம கம்பெனிக்கு ரெஜினாதான் துடைப்பம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். துடைப்பம் என்று சொன்னதற்கு வீட்டில் புருஷன் சார்லஸ் ரெண்டு நாள் கேலி செய்தான். அதற்குப் பிறகு அந்த விதியை அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை. நல்லபடியாக ஓடுகிற மிக்சியை யாராவது கழற்றிப் பார்ப்பார்களா?

எதிரொலி, எதிரொலி என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்பில் அவளோடு இரட்டைப் பிள்ளைகள் படித்தார்கள், சகாயமும் செபஸ்தியும். ஒரே சட்டை, ஒரே வகிடு. சத்துணவில் முட்டை போடுகிற அம்மாள் முதலில் வந்தவனுக்குப் போட்டுவிட்டு, இரண்டாவது ஆள் தட்டை நீட்டினால் "இப்பத்தானடா வாங்கிட்டுப் போனே, போடா" என்று கரண்டியால் விரட்டுவாள். வகுப்பே சிரிக்கும். இரண்டாவது ஆள் அழுததில்லை, வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பான். எவன் அந்த இரண்டாவது ஆள் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது, யாருக்குமே தெரியாது, அதுதானே விஷயம். இதை எதற்கு இப்போது நினைக்கிறோம், யோசிக்க வேண்டியதை யோசி என்று தன்னைத்தானே அதட்டினாள். யோசிக்க வேண்டியது என்னவென்றால், ஒரே நாளில் ஒரே சரக்கு ஒரே எண்ணிக்கையில் பல ஊர்களில் நிஜமாகவே காணாமல் போக முடியுமா? சாதாரணத் திருட்டு அப்படி நடக்காது. எவனோ ஒருவன் ஷாம்பு பாக்கெட்டை இடுப்பில் செருகுவான், எவளோ ஒருத்தி முந்திரியைப் பையில் போட்டுக்கொள்வாள், ஊருக்கு ஒரு ஆசை, ஆளுக்கு ஒரு அளவு. ஒரே மாதிரி நடக்க வேண்டுமென்றால் ஒரே ஆட்கள் வர வேண்டும். காலையில் கரூர், அப்புறம் திருச்சி, மதியம் தஞ்சாவூர், சாயங்காலம் கும்பகோணம். அழித்த பதிவுகள் உடனே ஒழிந்துபோவதில்லை, ஒரு மூலையில் கிடக்கும். அதைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்காமலே இருந்தால் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் விரல் அந்த இடத்துக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு அவளைக் கேட்காமலே அமுக்கியது. திரையில் வரிகள் விழுந்தன. கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம். அடுத்த வாரத்திலும் கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம். கண்டக்டர் ஊர் சொல்லிக் கூவுகிற வரிசை. எல்லாவற்றிலும் பால் டப்பா, எல்லாவற்றிலும் எண்ணிக்கை ஒன்றே. எண்ணிக்கை மாறாமல் இருந்ததைத்தான் எதிரொலிக்கு அடையாளம் என்று அவள் அன்றைக்கு நினைத்தாள். அது ஒரு பைக்குள் கொள்கிற அளவு. வேறொன்றுமில்லை. ஒரு பை நிறைந்ததும் யாரோ கிளம்பிவிடுகிறார்கள்.

சரி, அது போகட்டும், தஞ்சாவூர்ப் பதிவு மட்டும் ஏன் அழியாமல் நின்றது? அதுவும் தெரிந்துதான் இருந்தது. மற்ற கிளைகளில் காணாமல் போனதைக் கடை சாத்தும்போது அலுத்துக்கொண்டே ஏற்றுவார்கள். தவமணி ஒருத்திதான் அன்றன்றைக்கு, கையோடு, சாயங்கால டீக்கு முன்னாலேயே ரேக்கை எண்ணி ஏற்றிவிடுகிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரெஜினா எல்லாக் கிளைகளுக்கும் போய், குறைவதை உடனே ஏற்றுங்கள், அதுதான் நல்ல டேட்டா என்று வகுப்பெடுத்தாளே, அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் இவள் மட்டுந்தான் போல. முதலில் சொன்னவள் இவள். முதலில் வந்ததை வைத்துக்கொள் என்பது விதி. மற்றவர்கள் சோம்பேறிகள், தப்பித்தார்கள். அவர்களுக்கும் நஷ்டம் ஜீரோ என்று பாராட்டு வந்தது, இன்சென்டிவ் வந்தது, வாயைத் திறப்பார்களா, கழுதைக்கு உபதேசம் காதில் ஓதினாலும் கத்தல்தானே வரும், இங்கே கத்தல்கூட வரவில்லை. ரெஜினாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, நதியாமேல், கரூர் மேனேஜர்மேல், முதலாளிமேல், கடைசியில் அது சுற்றி வந்து உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் அவள் அதை எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பப் பார்த்தாள். ஏன், இவளும் அந்தக் கும்பலுக்கு உள்ளாளாக இருக்கக் கூடாதா? ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஆள் வைத்திருப்பார்கள். ஆளில்லாமலா இவ்வளவு துணிச்சல்? இருக்கும், இருக்கும். ஆனால் உள்ளாள் எதற்கு அன்றன்றைக்கு ஓடிப்போய்க் காணோம் என்று எழுதி வைக்கிறாள்? திருடனுக்கு விளக்குப் பிடிக்கிறவள் ஊரைக் கூட்டுவாளா? கூட்டலாம், தன்மேல் சந்தேகம் வராமலிருக்க. இப்படியே போனால் இயேசுநாதரையும் சந்தேகப்படலாம் என்று அவளுக்கே தோன்றியது. நினைப்பு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நின்றது.

கதவைத் தட்டிவிட்டு டீயோடு வந்தவள் தவமணியேதான். ரெஜினாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது, லேப்டாப்பைப் பாதி மூடினாள், எதற்கு மூடினாள் என்று தெரியவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும், கடையின் பச்சைக் கோட்டுக்குமேல் பின் குத்திய பேட்ஜ், நெற்றியில் விபூதி. கூட்டிப் பெருக்க வந்து ரேக் பொறுப்புக்கு உயர்ந்தவள் என்றும், அவள் வார்த்தையை நம்பி அவள் தெருப் பெண்கள் நாலைந்து பேரை இங்கே சேர்த்தார்கள் என்றும் ரெஜினா கேள்விப்பட்டிருக்கிறாள். இன்றைக்குக் கீழே அந்தப் பெண்கள் ஒருத்திகூட அவள் பக்கம் திரும்பவில்லை. இவள் திருடி என்றால் அவர்கள் யார்? "டீ ஆறிடும், குடிங்க மேடம்" என்றாள் தவமணி. வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "சார் வர்ற வரைக்கும் ரேக்குல கை வைக்க வேணாம், குடோன்ல உக்காருன்னு சொல்லிட்டாங்க. சும்மா உக்கார முடியலை. அதான் டீயாச்சும் கொண்டு வருவோம்னு." ரெஜினா ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள், "சர்க்கரை கம்மியா?" என்று கேட்டாள், ஆண்டவரே, எத்தனையோ இருக்க அதைக் கேட்டாள். "கம்மிதான் மேடம்." தவமணி கண்ணாடிப் பக்கம் போய்க் கீழே தன் ரேக்கைப் பார்த்தாள். "இங்கேருந்து பாத்தா எல்லாம் நல்லாத் தெரியுதே. கீழ நின்னா எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது மேடம். காலையில எண்ணி வைக்கிறேன், சாயங்காலம் எண்ணுனா கொறையுது. அங்கனயேதான் நிக்கிறேன். ஒண்ணுக்குப் போனாக்கூட ஓடி வந்துடுறேன். யாரும் எடுத்து நான் பாக்கலை. போன மாசம் முழுக்க வீட்டுல சாப்பிடுறப்பகூட டப்பாவை எண்ணிக்கிட்டே இருக்கேன்னு என் மவ திட்டுறா." சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "எனக்கே பயமா இருக்கு மேடம். போலீஸ் பயமில்லை. இது வேற மாதிரி பயம்." என்ன பயம் என்று ரெஜினா கேட்கவில்லை. கேட்டால் பேச்சு நீளும், நீண்டால் சொல்ல வேண்டி வரும், சார் இல்லாமல் இவளிடம் முதலில் சொல்வது முறையா என்று ஒரு முறையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள். "பாக்கலாம் தவமணி, கவலைப்படாதீங்க" என்றாள். தவமணி தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள். டீயில் ஆடை படிந்தது.

சொல்லியிருக்கலாம். இப்போதே கூப்பிட்டுச் சொல்லலாம். சொல்லி? குலோத்துங்கன் சாரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சார், சில பதிவுகள் நீக்கப்பட்டிருக்கின்றன. யாரால் என்று கேட்பார். சிஸ்டம் நீக்கியிருக்கிறது சார். சிஸ்டத்துக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பார், கேட்காமல் விடமாட்டார், மனுஷன் கொஞ்சம் பேசினாலும் கூராகப் பேசுவார். அப்புறம் முதலாளி. இந்த விதியை வைத்துத்தான் இரண்டு வருஷமாக எல்லா முடிவும் எடுத்திருக்கிறார்கள். எந்தக் கிளைக்குக் காவலாள், எந்தக் கிளைக்குக் கேமரா, எவனுக்குப் பதவி உயர்வு. அத்தனையும் குப்பை என்று ஒருத்தி எழுந்து நின்று சொல்வாள், அதுவும் துடைப்பமே சொல்லும். சார்லஸுக்குக் கம்பெனி மூடியதிலிருந்து வேலையில்லை, வீட்டில் அவள் பேச்சுக்கு ஒரு மரியாதை வந்திருப்பதே இந்த அட்டை கழுத்தில் தொங்குவதால்தான் என்று அவளுக்குத் தெரியும், அதை அவன் சொல்லிக்காட்டியதில்லை, ஆனாலும் தெரியும். அட்டையின் நாடா கழுத்தில் அரித்தது. இன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டு, அடுத்த வாரம் சத்தமில்லாமல் விதியைத் திருத்திவிட்டால்? மெல்ல மெல்ல உண்மை வெளியே வரும், அப்போது இவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்வார்கள். கூப்பிடுவார்களா? ஸ்டேஷன் படியேறி வந்தவளைக் கடையில் நிறுத்துவார்களா? அவள் தெருவில் நடக்க விடுவார்களா? குழாயடியில் குடம் வைக்க விடுவார்களா? மறுபடியும் சுற்று. சார், ஒரு சின்னத் தவறு நடந்திருக்கிறது. சின்ன என்பதை எடுத்துவிடலாம். சார், என்மேல் தப்பு. இது சரி, இதுதான் சரி, ஆனால் இதைச் சொல்லும்போது குரல் எப்படி இருக்கும்? கீழே கடையில் ஒலிபெருக்கி ஒரு சோப்பு வாங்கினால் ஒன்று இலவசம் என்று சொன்னது. சொல்லி முடித்ததும் அதையே திரும்பச் சொன்னது. பதிவுசெய்த பெண் குரல், அதற்கு அலுப்பே கிடையாது.

இன்றைக்கு என்ன கிழமை என்று நினைத்தாள். நினைத்ததும் பாதி மூடிய லேப்டாப்பை மறுபடி திறந்தாள். திரையில் ஒருதடவை பார்த்துக்கொண்டாள். அவர்கள் வருவது வியாழக்கிழமைகளில். இன்று வியாழன். காலையில் கரூர் முடிந்திருக்கும். நதியா போனில் சிரிப்பதற்கு முன்னாலேயே அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு பை நிறைந்து வெளியேறியிருக்கும். தான் வந்த அதே சாலையில்தானே அவர்களும் வந்திருக்க வேண்டும். செங்கிப்பட்டியில் பஸ்ஸை முந்திக்கொண்டு போன வெள்ளைக் காரா? வல்லத்தில் இறங்கிய குடும்பமா? ரெஜினா எழுந்து கண்ணாடியருகே போய் நின்றாள். கீழே முன்னிலும் கூட்டம் கூடியிருந்தது. கைக்குழந்தையோடு ஒருத்தி, தள்ளுவண்டியைச் சோப்பு வரிசையில் நிறுத்திவிட்டுப் போனில் பேசுகிற ஒருவன், கடுகு நிறப் பட்டுப்புடவையில் தலை நிறையக் கனகாம்பரம் வைத்த ஒரு பெண்மணி, கல்யாண வீட்டிலிருந்து நேரே வந்தவளாக இருக்க வேண்டும். இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒரு பெரியவர் டப்பாவை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தேதி பார்த்தார், திரும்ப வைத்தார். திருடுகிறவர் தேதி பார்ப்பாரா? விற்பதற்கு என்றால் பார்ப்பார். பார்க்கப் பார்க்க எல்லாரும் திருடராகத் தெரிந்தார்கள், இன்னும் கொஞ்சம் பார்த்தால் எல்லாரும் பிள்ளைக்குப் பால் வாங்க வந்தவர்களாகத் தெரிந்தார்கள். கும்பல் என்றால் மீசையும் வெட்டுக் காயமுமாக வருமா? வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறூட்டிவிட்டு வருவார்கள். சாயங்காலம் திரும்பிப் போய் விளக்கேற்றுவார்கள். கடுகு நிறப் புடவைக்காரி நிமிர்ந்து இந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியாது என்று தெரிந்தும் ரெஜினா ஒரு எட்டுப் பின்வாங்கினாள். அவள் தன் கனகாம்பரத்தைச் சரிசெய்துகொண்டாள், அவ்வளவுதான், கண்ணாடியில் தன்னைப் பார்த்திருக்கிறாள்.

இனி கண்ணை எடுப்பதில்லை என்று ரெஜினா முடிவுசெய்தாள். காலையிலிருந்து அவள் செய்த முதல் முடிவு. ரேக்கையே பார்த்துக்கொண்டிருப்போம், எடுப்பவர் யாரென்று கண்ணால் பார்த்துவிட்டால், தன் விதியைப் பற்றி வாயே திறக்க வேண்டாம், அதோ திருடர் சார் என்று கையைக் காட்டினால் போதும், தவமணியும் தப்பிப்பாள், தானும் தப்பிக்கலாம். மனசு இப்படி ஒரு வியாபாரத் தெளிவோடு கணக்குப் போட்டதில் அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் பார்த்தாள். மஞ்சள் மூடி போட்ட டப்பாக்கள் மேல்தட்டில், நீல மூடி நடுத்தட்டில், ஒன்றோடொன்று தோள் இடிக்க. கைக்குழந்தைக்காரி வந்தாள், நின்றாள், நகர்ந்தாள். போன் பேசுகிறவன் வந்தான், நகர்ந்தான். கல்லூரிப் பெண்கள் நடுவில் நின்று எதற்கோ சிரித்தார்கள். தவமணி எத்தனை மாதமாக இப்படிப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள், கால் கடுக்க, பின் குத்திய பேட்ஜோடு, சாப்பிடும்போதும் எண்ணிக்கொண்டு? இது வேற மாதிரி பயம் என்றாளே, என்ன பயம் அது? கேட்டிருக்க வேண்டும். ஒலிபெருக்கி சோப்பைச் சொன்னது. பெரியவர் பில் போடும் இடத்துக்குப் போய்ச் சில்லறை தேடினார். கனகாம்பரக்காரி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினாள், கையில் ஒரு சின்னப் பை மட்டும். நல்லவேளை என்று ரெஜினா மூச்சு விட்டாள். விட்ட மூச்சு முடிவதற்குள் பார்த்தாள், நடுத்தட்டில் நீல மூடிகளுக்கு நடுவே ஓர் இடைவெளி. பல் விழுந்த இடம்போல. பின்னாலிருக்கும் வெள்ளைத் தகரம் தெரிந்தது. கண்ணை எடுக்கவேயில்லையே. எடுக்கவில்லை, சத்தியமாக எடுக்கவில்லை. எப்போது போனது? இடைவெளி முன்னமே இருந்ததா? டீ வந்தபோது இருந்ததா? இருந்ததுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் தானே கீழே போய் எடுத்து வந்து இந்த மேசைக்கு அடியில் வைத்திருக்கிறோமோ என்று குனிந்து பார்க்கத் தோன்றும். குனிந்தும் பார்த்தாள். வயர்தான் கிடந்தது. அப்போதுதான் தவமணியின் பயம் என்னவென்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

போதும். சொல்லிவிட வேண்டியதுதான். வேலை போனால் போகட்டும். லேப்டாப்பைத் திறந்தபடியே மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். ஒரு படியில் கால் இடறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். சோப்பு வரிசையைத் தாண்டி, ரேக்கைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டி, குடோன் கதவைத் தள்ளினாள். மிளகாய் வற்றல் நெடி தொண்டையைப் பிடித்தது. உள்ளே குலோத்துங்கன் சார் உட்கார்ந்திருந்தார். லோடு இறக்குகிற பின்பக்க வழியாக எப்போதோ வந்திருக்கிறார். அவள் அத்தனை நேரமும் முன்வாசலையும் ரேக்கையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே கவிழ்த்துப் போட்ட பால் கிரேட்மேல் தவமணி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு. அழுத முகமில்லை, தூங்கி எழுந்த முகம். "வாங்க ரெஜினா மேடம், நீங்க மெனக்கெட்டு வந்ததுதான் மிச்சம்" என்றார் குலோத்துங்கன் சார். அவர் குரலில் கடுமை இல்லை, வேலை முடிந்த நிம்மதிதான் இருந்தது. "கொஞ்ச நேரம் பேசினேன், ஒத்துக்கிட்டாங்க. எழுதியும் குடுத்துட்டாங்க. இன்ஸ்பெக்டருக்குச் சொல்லியாச்சு, வந்துக்கிட்டிருக்கார்."

"சார், அந்த ரிப்போர்ட் தப்பு" என்றாள் ரெஜினா. குரல் எப்படி இருக்குமென்று அவ்வளவு யோசித்தாளே, அது சாதாரணமாகத்தான் இருந்தது, கொஞ்சம் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். "எல்லாக் கிளையிலயும் போயிருக்கு சார். கரூர்லேருந்து மாயவரம் வரைக்கும், ஒரே நாள்ல, ஒரே மாதிரி. இது ஒரு கும்பல். மத்த கிளைப் பதிவையெல்லாம் நான் எழுதுன விதி அழிச்சிடுச்சு. நான்தான் அழிச்சேன். இவங்க மொதல்ல சொன்னாங்க, அதனால இவங்களோடது மட்டும் நின்னுடுச்சு. இவங்க எடுக்கலை சார்." லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். குலோத்துங்கன் சார் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தவமணியைப் பார்த்தார். "என்ன மேடம் நீங்க. எடுக்காதவங்க எதுக்கு ஒத்துக்கணும்? நான் ஒரு அடி அடிக்கலை, ஒரு வார்த்தை திட்டலை. உங்க ரிப்போர்ட்டைத்தான் படிச்சுக் காட்டினேன். கேளுங்க, அவங்களையே கேளுங்க." ரெஜினா கிரேட்டுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள். "ஏன் தவமணி? ஏன் ஒத்துக்கிட்டீங்க?" தவமணி தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "முப்பது கடையிலயும் பாத்தாச்சு, உன் ரேக்குல மட்டும்தான்னு சார் சொன்னாரு மேடம். சரியாத்தான இருக்கும். வேற யாரும் எடுத்து நான் பாக்கலை. எனக்குத் தூக்கம் புடிக்காம மாத்திரை போடுறேன். பால அடுப்புல வச்சிட்டு மறந்துடுறேன், பூட்டுன வீட்டை மறுபடி போய்ப் பூட்டிப் பாக்குறேன். அதான், நானேதான் எடுத்துட்டு எங்கயோ வச்சிட்டு மறந்துட்டேன்னு..." முடிக்காமல் நிறுத்தினாள். புருவம் நெரிந்தது. ரெஜினா சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவள் இப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. முகத்தில் சந்தோஷம் வரும் என்று ரெஜினா காத்திருந்தாள், கோபமாவது வரும் என்று காத்திருந்தாள். வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தவமணி குனிந்து, பள்ளிக்கூடத்தில் புரியாத பாடத்தைக் கேட்கிறவளைப்போல, மெல்லக் கேட்டாள்.

"அப்ப நான் எடுக்கலையா மேடம்?"